அம்மாவின் முட்டிவலியும் பெப்புவில் மூன்று இரவும்

ஜப்பானில் வெந்நீர் ஊற்றுகளுக்குப் பேர்போன பெப்பு ஊருக்கு அம்மாவை அழைத்துப்போய் வந்தேன். முதலில் எல்லோரும் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இல்லை, அம்மாவுக்கு முட்டிவலி போகவில்லை. ஒன்பது நாள் குறைந்திருந்தது.

நாள் கணக்கு எப்படித் தெரியும் என்றால், ஜப்பானில் ஃபுகுவோகா நகரத்தில் நான் குடியிருக்கும் கட்டடத்துக்கு லிஃப்ட் கிடையாது. வீட்டுக்கு 34 படி. அம்மா ஊரிலிருந்து வந்த நாள் முதல் பாதி வழியில், திருப்பத்தில், சுவரைப் பிடித்து நின்றுவிடுவாள். "நீ போயி கதவத் தொற, நான் மெல்ல வாரேன்" என்பாள். பெப்புவிலிருந்து திரும்பிய அன்று அவள் நிற்கவில்லை. பெட்டியோடு நான்தான் நின்றேன். பத்தாம் நாள் காலை மறுபடி சுவரில் கை. அன்றைக்கு மழை வேறு.

ஒன்பது நாள் நிம்மதிக்கு மூன்று இரவுச் செலவு தகுமா என்பதைப் படிக்கிறவர்கள் அவரவர் முட்டியைக் கேட்டு முடிவுசெய்துகொள்ளுங்கள். நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

அம்மாவுக்கு 68 வயது, அம்பாசமுத்திரம். இரண்டு முட்டியும் தேய்மானம், வலது கொஞ்சம் கூடுதல். மாற்று அறுவை சிகிச்சை செய்துவிடலாம் என்று எலும்பு டாக்டர் சொல்லி இரண்டு வருடம் ஆகிறது. "கத்திய வச்சா அப்புறம் நான் எந்திரிக்கவே மாட்டேன்" என்று அம்மா அந்தப் பேச்சையே எடுக்கவிடவில்லை. குற்றாலத்தில் நின்றால் உடம்புவலி போகும் என்று நம்பி வளர்ந்தவள். ஜப்பானில் பூமிக்குள்ளிருந்தே வெந்நீர் வருகிறது, அதில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்கள் என்று நான் வாய் தவறிச் சொன்னதும் பிடித்துக்கொண்டாள்.

ஃபுகுவோகாவின் ஹகாத்தா நிலையத்திலிருந்து பெப்புவுக்கு சோனிக் எக்ஸ்பிரசில் சுமார் இரண்டு மணி நேரம். வளைவுகளில் சாய்ந்து ஓடும் ரயில். குமட்டல் வருகிறவர்கள் வெறும் வயிற்றில் ஏறாதீர்கள். அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள். நிலையத்துக்கு வெளியே இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு ஒரு தாத்தா சிலை. அபுராயா குமஹாச்சி, இந்த ஊரைச் சுற்றுலா ஊராக ஆக்கியவர். பக்கத்திலேயே கையை நனைத்துக்கொள்ள ஒரு வெந்நீர்த் தொட்டி. ஊருக்குள் நுழைந்தவுடன் வெந்நீர். 2,000க்கு மேற்பட்ட ஊற்றுகள் இருக்கிற ஊர். சாக்கடை மூடியிலிருந்தும் ஆவி வருகிறது.

நாங்கள் தங்கியது கன்னாவா பகுதியில், நாமே சமைத்துச் சாப்பிடும் பழைய பாணி விடுதி ஒன்றில். இந்த வகை விடுதிக்குப் பின்னால் ஒரு வழக்கம் இருக்கிறது. தோஜி என்பார்கள், தண்ணீரில் கிடந்து உடம்பைத் தேற்றுவது. முன்பு அறுவடை முடிந்த விவசாயிகள் அரிசி மூட்டையோடு வந்து வாரக்கணக்கில் தங்குவார்களாம். ஏழு நாள் ஒரு சுற்று, மூன்று சுற்று போட்டால்தான் கணக்கில் சேர்த்தி. நாங்கள் அரைச் சுற்றுகூடப் போடவில்லை. சனிக்கிழமை போய் ஞாயிற்றுக்கிழமை திரும்பிவிட்டு "ஒரு பலனும் இல்லை" என்று எழுதுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

விடுதி முற்றத்தில் சிமென்ட் மேடை, அதில் வட்டக் குழிகள், மேலே மரமூடி. திருகைத் திறந்தால் பூமியின் ஆவி குபுகுபுவென்று வருகிறது. ஜிகோகு என்று பேர், அதாவது நரகம். அந்த நரகத்தில் சர்க்கரைவள்ளிக் கிழங்கு, சோளக்கருது, முட்டை எல்லாம் வேகவைக்கிறார்கள். அம்மா இரண்டு நிமிஷம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இட்லிப் பானைதான் இது."

நான் எதிர்பார்த்து டப்பாவில் மாவும் இரண்டு இட்லித் தட்டும் கொண்டுபோயிருந்தேன். ஃபுகுவோகாவில் நவம்பர் மாதம் மாவு பொங்கவே பொங்காது. போர்வை சுற்றி வைத்தாலும் பாறைதான். கன்னாவாவில் நடைபாதைத் தரைக்கடியிலும் வெந்நீர்க் குழாய் போகிறது. அங்கே ஓரமாக வைத்தேன். காலையில் டப்பாவைத் தாண்டி வழிந்து, விடுதிக்கார அம்மாள் துணியோடு நின்றார். எனக்கு மானம் போயிற்று. ஆனால் அன்றைய இட்லி மாதிரி நான் ஜப்பானில் பதினொரு வருடத்தில் சாப்பிட்டதில்லை. எட்டே நிமிஷம். அடியில் லேசாக உப்புக் கரித்தது, தாதுவுள்ள ஆவி என்பதாலோ என்னவோ. விடுதிக்கார அம்மாளுக்கு நாலு இட்லி, பொடி, எண்ணெயோடு. பொடியைத் தொட்டுப் பார்த்துவிட்டு வெறும் இட்லியாகவே சாப்பிட்டார்.

விடுதியின் குறை: மாடிப்படி செங்குத்து, கைப்பிடி ஒரு பக்கம்தான். படுக்கை தரையில். முட்டிவலிக்காரர்களைத் தரையிலிருந்து எழுப்புவது எவ்வளவு பாடு என்று அறை பதிவுசெய்யும்போது எனக்குத் தோன்றவில்லை. கீழ்த்தள அறையும் கட்டிலும் உண்டா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். அது தண்ணீரின் வெப்பத்தைவிட முக்கியம்.

இனி குளியல். இங்கே துணி கிடையாது. ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி, ஆனால் ஒரு நூல் உடுப்போடு உள்ளே இறங்கக்கூடாது. அம்மா தாமிரபரணிப் படித்துறையில் நெஞ்சுக்கு மேல் பாவாடை கட்டிக் குளித்த தலைமுறை. "பாவாடையோட எறங்குதேன்னு சொல்லு. நான் நல்லா அலசித்தான் கொண்டாந்திருக்கேன்" என்றாள். முடியாது என்றேன். "அப்ப நீ குளி, நான் வெளிய இருக்கேன்." முட்டிக்காக வந்த பயணம், முட்டியை நனைக்காமலே முடியும்போல இருந்தது.

விடுதியில் குடும்பத்தோடு குளிக்க ஒரு சின்ன அறை உண்டு. உள்ளே தாழ் போட்டுக்கொள்ளலாம். முதல் நாள் அதில் போனோம். விளக்கை அணைக்கச் சொன்னாள். இருட்டில், குட்டி முக்காலியில் உட்கார்ந்து, முதலில் உடம்பைச் சோப்புப் போட்டுக் கழுவவேண்டும். தொட்டி கழுவுவதற்கல்ல, ஊறுவதற்கு. அம்மாவின் முதுகை நான் தேய்த்தேன். எனக்கு அவள் தேய்த்துவிட்டது வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில், பத்து வயதுவரை. தோள்பட்டை எலும்பு இவ்வளவு சின்னதாகிவிட்டதென்று எனக்குத் தெரியாது. "மெல்ல தேயிட்டி, சட்டியா கழுவுத?" என்றாள். தண்ணீருக்குள் இறங்கி, கழுத்துவரை அமிழ்ந்து, வலது காலை மடக்கினாள். நீட்டினாள். மறுபடி மடக்கினாள். "வலிக்கல."

இதில் மாயம் ஒன்றுமில்லை. கழுத்துவரை தண்ணீரில் இருந்தால் உடம்பின் பாரம் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான் காலில் இறங்கும். சூட்டில் ரத்தக்குழாய் விரிகிறது, இறுகிய தசை இளகுகிறது. தண்ணீரின் அழுத்தம் காலில் தேங்கிய நீரை மேலே தள்ளுகிறது. அம்மாவின் கணுக்கால் வீக்கம் காலையில் குறைந்திருந்தது அதனால்தான். இதெல்லாம் வீட்டுத் தொட்டியில் வெந்நீர் விட்டாலும் ஓரளவு நடக்கும். ஊற்றுநீரில் கூடுதலாக என்ன என்றால், கன்னாவாவில் வருவது பெரும்பாலும் உப்பு ஊற்று. தோலில் உப்பு படிந்து வேர்வை சீக்கிரம் ஆவியாகாமல் தடுக்கிறது. அதனால் சூடு ரொம்ப நேரம் நிற்கிறது. படுக்கும்வரை அம்மாவின் உள்ளங்கால் கதகதவென்று இருந்தது. வருடக்கணக்கில் குளிரில் விறைக்கிற கால் அது.

உடைமாற்றும் அறைச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருக்கும். யாரும் படிப்பதில்லை. நான் படித்தேன், என் வேலையே மருத்துவக் கருவி ஆவணங்களைச் சரிபார்ப்பது. ஜப்பானில் 1948ஆம் ஆண்டு முதல் ஒன்சென் (வெந்நீர் ஊற்று) சட்டம் இருக்கிறது. ஊற்றுவாயில் 25 டிகிரியாவது இருக்கவேண்டும், அல்லது பட்டியலில் உள்ள 19 பொருள்களில் ஒன்றாவது குறிப்பிட்ட அளவு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் ஒன்சென் என்று சொல்லிக்கொள்ள முடியாது. தண்ணீரில் என்னென்ன, எவ்வளவு என்பதை 10 வருடத்துக்கு ஒருமுறை பரிசோதித்து எழுதி ஒட்டவேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, யார் இறங்கக்கூடாது என்பதையும் அதே சுவரில் போடுகிறார்கள்: காய்ச்சலோடு இருப்பவர்கள், கொஞ்சம் அசைந்தாலே மூச்சு வாங்கும் அளவுக்கு இதய, நுரையீரல் நோய் உள்ளவர்கள், கடுமையான சிறுநீரக நோய், ரத்தக்கசிவு உள்ளவர்கள். கர்ப்பிணிகளும் முன்பு அந்தப் பட்டியலில் இருந்தார்கள். 2014 திருத்தத்தில் எடுத்துவிட்டார்கள். வயதானவர்களும் ரத்த அழுத்தம் உள்ளவர்களும் 42 டிகிரிக்கு மேல் போகாதீர்கள், சாப்பிட்ட உடனே இறங்காதீர்கள், குடித்துவிட்டு இறங்கவே இறங்காதீர்கள். நம்மூரில் "சர்வரோக நிவாரணி" என்று பலகை வைக்கிறவர்கள் இப்படி ஒரு காகிதம் ஒட்டி நான் பார்த்ததில்லை.

படித்த நானே இரண்டாம் நாள் கோட்டைவிட்டேன். தெருக்காரர்கள் சேர்ந்து நடத்தும் சின்னக் குளியல் வீடு ஒன்று, உண்டியலில் காசைப் போட்டுவிட்டுப் போகலாம். உள்ளே யாரும் இல்லை. தண்ணீர் கொதி. பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்து கலக்கலாமா கூடாதா என்று நான் தயங்குவதற்குள் அம்மா இறங்கிவிட்டாள். அம்பாசமுத்திரத்துக்காரிக்குச் சூடு ஒரு பொருட்டா. ஐந்து நிமிஷத்தில் "போதும்" என்று சட்டென்று எழுந்தாள். கண் இருட்டிவிட்டது. நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன், பிடித்து விளிம்பில் உட்காரவைத்தேன். காலையில் பிரஷர் மாத்திரை போட்டிருந்தாள். மாத்திரையும் குழாயை விரிக்கிறது, சூடும் விரிக்கிறது, எழுந்தால் ரத்தம் காலுக்கு இறங்கிவிடுகிறது. உப்புப் போட்ட மோர் கிடைக்காத ஊரில் மெஷினில் வாங்கின பார்லி டீயைக் குடித்து அரைமணி உட்கார்ந்திருந்தோம். வயதானவர்களைத் தனியாக அனுப்பாதீர்கள். இறங்குமுன் காலிலிருந்து தொடங்கி மேலே பத்துச் செம்பாவது ஊற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். எழும்போது விளிம்பில் கொஞ்சம் உட்கார்ந்து எழச் சொல்லுங்கள்.

கன்னாவா முஷியு என்ற ஆவிக்குளியல் எனக்கு இந்தப் பயணத்தின் உச்சம். 1276இல் இப்பென் என்ற துறவி ஏற்படுத்தியது என்கிறார்கள். கல்லறை மாதிரி ஒரு அறை, குனிந்து நுழையும் சின்னக் கதவு, உள்ளே இருட்டும் ஆவியும். தரை முழுக்க ஒரு புல்லைப் பரப்பியிருக்கிறார்கள், அதன்மேல் படுத்துக்கிடக்கவேண்டும். இங்கே உடுப்பு உண்டு, யுக்காத்தா என்ற பருத்தி அங்கியை வாடகைக்குத் தருகிறார்கள் (அம்மாவுக்குப் பரம நிம்மதி). இரண்டு பேரும் படுத்தோம். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு இருட்டில் அம்மா குரல்:

"ஏட்டி, வசம்பு வாசன அடிக்கி."

உளறுகிறாளோ என்று நினைத்தேன். வெளியே வந்து தேடிப் பார்த்தால் உண்மை. அந்தப் புல்லுக்கு செக்கிஷோ என்று பேர், தாவர வகையில் வசம்புக்கு உடன்பிறப்பு. நம் வீட்டில் இரவில் பேர் சொல்லக்கூடாது என்று பேர் சொல்லா மருந்து என்பார்களே, பிள்ளைக்கு வயிறு உப்பினால் சுட்டு உரசித் தொப்புளைச் சுற்றிப் போடுவார்களே, அதன் பங்காளி. எட்டு நிமிஷம் ஆனதும் வெளியிலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்கு எழ மனசில்லை. யுக்காத்தாவில் ஒட்டியிருந்த ஒரு புல்லிதழை எடுத்து மோந்து மோந்து பார்த்துக்கொண்டே வந்தாள். "என்ன ஊர்க்காரியா இருந்தா என்ன, பிள்ள பெத்தவளுக்கு இது தெரியாம இருக்குமா."

பெப்புவின் மியோபான் பகுதி வேறு வகை. மலைமேல், கந்தகம், அழுகின முட்டை நாற்றம், பால் கலந்த மாதிரி தண்ணீர், எலுமிச்சைச் சாற்றுக்குப் பக்கத்தில் வரும் புளிப்பு. தோல் நோய்க்கு இதைத்தான் தேடி வருகிறார்கள். ஆனால் மெல்லிய தோல்காரர்களுக்கு இதுவே எரிச்சல் தரும் என்று அங்கேயே எழுதியிருக்கிறது. அம்மாவின் பித்தவெடிப்பில் பட்டதும் "ஆத்தாடி" என்று காலைத் தூக்கிவிட்டாள். நகைகளைக் கழற்றச் சொன்னேன். தாலிக்கொடியைக் கூடக் கழற்றினாள், பத்து தடவை கும்பிட்டு. மெட்டியைக் கழற்றமாட்டேன் என்றாள், "அங்க உங்கப்பா ஒத்தையில இருக்காரு". கந்தகமும் வெள்ளியும் சேர்ந்தால் என்ன ஆகுமோ அது ஆயிற்று. கரேலென்று. விபூதி போட்டுத் தேய்த்துப் பார்த்தாள், முக்கால்வாசி வெளுத்தது.

அங்கே ஓலைக்குடிசை மாதிரிக் கொட்டகைகளில் களிமண்ணுக்கு அடியிலிருந்து ஆவியை ஏறவிட்டு யுனோஹானா என்ற உப்பு எடுக்கிறார்கள், எடோ என்னும் சாமுராய்கள் காலத்துத் தொழில். பொட்டலம் வாங்கி வாளி வெந்நீரில் போட்டுக் கால் நனைக்கலாம். கனமில்லாத நல்ல பரிசு.

மூன்றாம் நாள் சாயங்காலம் அம்மாவே சொன்னாள், பொதுக் குளியலுக்குப் போகலாம் என்று. எழுபது எண்பது வயதுப் பெண்கள் நாலைந்து பேர். யாரும் யாரையும் பார்க்கவில்லை. கூன் விழுந்த ஒரு பாட்டி பக்கத்து முக்காலியில் உட்கார்ந்து முடியை அலசிக்கொண்டிருந்தார். அம்மா தட்டுத்தடுமாறி எழுவதைப் பார்த்தவர், தன் முட்டியைத் தட்டிக் காட்டினார். இரண்டு முட்டியிலும் நேர்கோடாக, மேலிருந்து கீழே, ஒரு சாண் தழும்பு. வெளுத்துப் பழசானது. பிறகு கம்பியைப் பிடித்து, ஒரு கால், மறு கால் என்று தொட்டிக்குள் இறங்கி, அம்மாவைப் பார்த்து வா என்று கை ஆட்டினார்.

அம்மா தண்ணீருக்குள் இருந்து அந்தத் தழும்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மரியாதையில்லை என்று நான் இடித்தும் கேட்கவில்லை. இரவு படுத்தபிறகு, "அதுக்கு எத்தன நாள் படுக்கணுமாம்?" என்றாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மறுநாளே எழுந்து நடக்கவிடுகிறார்கள் என்றேன்.

பணம் கொடுத்தால் கிடைக்கிற பெரிய ரிசார்ட்டையும் சொல்லவேண்டும். ஒரு மதியம் போனோம். கடல் தெரியும் குளம், நீச்சலுடை, பாட்டு. குளோரின் வாசனை தூக்கியது. ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி விட்டால் மருந்து போடத்தான் வேண்டும், தப்பில்லை, ஆனால் கொடுத்த கட்டணத்துக்கு அது தகாது. ஊற்றிலிருந்து வந்து நிரம்பி வழிந்து ஓடிவிடும் தண்ணீருக்குக் கக்கெநகாஷி என்று பேர். பதிவுசெய்யுமுன் அந்தச் சொல்லைக் கேளுங்கள். போதாததற்கு அம்மாவின் முன்கையில் இருக்கும் பச்சைக் கோலத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண் ஓடிவந்து பிளாஸ்திரி கொடுத்தாள். பச்சை குத்தியவர்கள் ரௌடிகள் என்று அங்கே பழைய பயம். 68 வயது ரௌடி சிரித்துக்கொண்டே ஒட்டிக்கொண்டாள். நாங்கள் போன ஊர்க் குளியல் வீடுகளில் யாரும் கண்டுகொள்ளவில்லை.

தகேகவாரா என்ற பழைய குளியல் வீடு 1879இல் தொடங்கியது, இப்போதைய கட்டடம் 1938, கோயில் மாதிரிக் கூரை. அங்கே சூடான மணலில் கழுத்துவரை புதைக்கிறார்கள். அம்மா மறுத்துவிட்டாள்: "உசுரோட மண்ணள்ளிப் போடுதாவளே!" நான் கிடந்தேன். மணலின் கனத்தில் விரல் நுனியெல்லாம் நாடி துடிப்பது தெரிந்தது. கணினி முன் உட்கார்ந்தே வரும் இடுப்புவலிக்கு எனக்கு இதுதான் கேட்டது. நீலமும் சிவப்புமாகக் கொதிக்கும் 'நரகக் குளங்கள்' படம் எடுக்க நன்றாக இருக்கும், அவ்வளவுதான்.

ரத்தம் சுத்தமாகும், நஞ்செல்லாம் வேர்வையில் வெளியேறும் என்று சொல்கிறவர்கள் உண்டு. அந்த வேலையைச் சிறுநீரகமும் கல்லீரலும் செய்துகொண்டிருக்கின்றன. குருத்தெலும்பு தேய்ந்தது தண்ணீரில் வளராது. மூட்டுவலிக்குச் சில வாரம் இதம் தருவதாக ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் அவை சின்ன ஆய்வுகள். சுடுதண்ணீரில் இருக்கிறோமா இல்லையா என்பதை நோயாளியிடம் மறைக்க வழியும் இல்லை. 1931லேயே பெப்புவில் ஊற்று வைத்தியத்துக்கென்று கியூஷு பல்கலைக்கழகம் ஓர் ஆய்வு நிலையம் வைத்தது. இன்று அது முழு ஆஸ்பத்திரி. அங்கேயும் தண்ணீரை மட்டும் வைத்து வைத்தியம் பார்ப்பதில்லை.

செலவு: விடுதி இரண்டு பேருக்கு ஓர் இரவு 9,000 யென், ஊர்க் குளியல் வீடுகள் சில நூறு யென், முஷியு யுக்காத்தாவோடு ஆயிரத்துக்குள். சொந்தச் சமையல் என்பதால் சாப்பாட்டுச் செலவு அனேகமாகக் கிடையாது. நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள். வெயிலில் இந்தச் சூடு தாங்காது.

அம்மா தை மாதம் ஊருக்குப் போனாள். பங்குனியில் எலும்பு டாக்டரிடம் நாள் கேட்டிருக்கிறார்கள், வலது கால் முதலில். அறுவை முடிந்து காயம் ஆறினதும் மறுபடி முஷியுவுக்கு வரவேண்டுமாம். அந்தக் கதவு காக்கும் பெண்ணுக்குக் கொடுக்க வீட்டுக் கொல்லையிலிருந்து வசம்பு எடுத்துக் காயவைத்திருக்கிறாள். ஜப்பான் விமான நிலையத்தில் வேரோடு எதையும் எளிதில் உள்ளே விடமாட்டார்கள் என்று நான் இன்னும் சொல்லவில்லை.